சீட்டு விழுந்த வீடு

ஊசியம்மாவுக்கு எதைக் கண்டும் குமட்டியதில்லை. சீழ், வாந்தி, அழுகிய விரல், நாள் கணக்கில் பிரிக்காத கட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறவர். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, ஓய்வு பெற்று வந்தவர். ஊசி போடுவதில் கைராசிக்காரி, நாக்கு அதைவிடக் கூர்மை. அந்தப் பேர் எப்படி வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளியின் புண் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டார். தலைமை நர்ஸ் அந்தக் கையை வெடுக்கென்று தட்டிவிட்டார். "அவனுக்கு உடம்புதான் அழுகியிருக்கு, கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ மூக்கைப் பொத்துறதை அவன் பாக்குறான்." அன்றைக்கு இறக்கிய கை அப்புறம் மூக்குப் பக்கம் போகவில்லை. நாற்றமடிக்கும் கட்டில்களுக்கு அருகில் வாயால் மூச்சு விடப் பழகிக்கொண்டார்.

அப்படிப்பட்ட மனுஷிக்கு, எல்லாம் முடிந்து வீட்டோடு இருக்க வேண்டிய வயதில் குமட்டல் வந்தது. அதுவும் சர்ச்சால் வந்தது.

கல்யாணம் ஆகாதவர். தங்கைகளைக் கரையேற்றும் வரை பொறுத்துக்கொள் என்றார்கள், பொறுத்தார். கரையேறியவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. சலவைக் கடைக்கு மேலே ஒரே அறை, ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மூன்றாவது பெஞ்சு, தூணோரம். முதுகுவலிக்குத் தூண் தோதாக இருந்தது. பெரிய ஆசை என்று எதுவும் மிச்சமில்லை. ஒரு மேஜையில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், யாராவது ஒருத்தர் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று சொல்ல வேண்டும். இது ஒன்றுதான். இதை அவர் யாரிடமும் சொன்னதும் இல்லை, வெட்கமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் புதுப் போதகர் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய் வந்தார். போகும்போது சாதாரண மனுஷனாகத்தான் போனார். வரும்போது கையில் ஒரு புரொஜெக்டரும் வாயில் ஒரு வாசகமுமாக வந்து இறங்கினார். "குடும்பமே சபை." இனி வாலிபருக்கு ஒரு கூட்டம், பெண்களுக்கு ஒரு கூட்டம், பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் என்று பிரித்துப் போடும் வேலையே கிடையாதாம். ஊழியம் முழுக்கக் குடும்பம் குடும்பமாகத்தான். வீட்டில் கூடி ஜெபிக்க வேண்டும், அப்பா அம்மாவே பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித் தர வேண்டும், சர்ச்சிலும் குடும்பமாகவே உட்கார வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய்கூடப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு பெஞ்சுகளில் எல்லாம் குடும்பப் பேர் ஒட்டியிருந்தது. மூன்றாவது பெஞ்சில் மரக்கடைக்காரர் குடும்பம். அவர்தான் சபைச் செயலாளர். ஊசியம்மா வழக்கம்போலத் தூணோரம் போய் உட்கார, கமிட்டிக்காரர் ஒருவர் குனிந்து, "சிஸ்டர், இது குடும்பங்களுக்கு. நீங்க கடைசி பெஞ்சுக்குப் போயிடுங்க" என்றார்.

"தூணுக்குக் குடும்பம் இருக்கா தம்பி? அதை மட்டும் விட்டு வச்சிருக்கீங்க" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

கடைசி பெஞ்சு கழிப்பறைக் கதவுக்கு எதிரே. அங்கே ஏழெட்டுப் பேர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், விருந்துகளுக்குச் சமைக்கும் விதவை ஒருத்தி, பெண்டாட்டியை இழந்த டிரைவர், இன்னும் சிலர். ஓரத்தில் இருமல்காரர். ஒரு காலத்தில் மாவு மில்லில் மூட்டை தூக்கியவர், நெஞ்சு நிறைய மாவு. பிரசங்கத்தில் எங்கெல்லாம் நிறுத்தம் வருமோ அங்கெல்லாம் அவர் இருமல் வரும்.

கடைசி பெஞ்சு போதகரின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அதற்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தார். தனியாட்கள் ஒவ்வொருவரையும் ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிடுவது. யாருக்கு எந்தக் குடும்பம் என்று மனுஷன் முடிவு செய்யப் போவதில்லை. ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுவோம், கர்த்தர் காட்டட்டும். காணிக்கைப் பையில், தனியாளைச் சேர்த்துக்கொள்ள முன்வந்த குடும்பங்களின் பேரெழுதிய சீட்டுகள் விழுந்தன. போதகர் தனியாள் ஒருவரை முன்னால் அழைப்பார், கண்ணை மூடுவார், பைக்குள் கையை விடுவார், எடுப்பார்.

கணக்கு வாத்தியார், கணக்கில் கோட்டைவிடும் பையன் இருந்த வீட்டுக்குப் போனார். சமையல்கார விதவை, ஓயாமல் விருந்து வைக்கும் வீட்டுக்குப் போனாள். டிரைவர், புதுக் கார் வாங்கிவிட்டு ஓட்ட ஆளில்லாமல் இருந்த டாக்டர் வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு சீட்டுக்கும் சபை "ஸ்தோத்திரம்" என்றது. கர்த்தருடைய பொருத்தமே பொருத்தம் என்று முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசியில் இருமல்காரர் தடியை ஊன்றி எழுந்தபோது பையில் சீட்டு இல்லை. போதகர் ஒரு கணம் திணறிவிட்டு, அவர் தோளில் கை போட்டு, "இந்த ஐயா ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்ல. சபை முழுசுக்குமே இவர்தான் தகப்பன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். இருமல்காரர் சபை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கழிப்பறைக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

இதெல்லாம் ஊசியம்மாவுக்கு அப்போது உறைக்கவே இல்லை. தன் பேரோடு மரக்கடைக் குடும்பம் வந்துவிட்ட சந்தோஷம். மரக்கடைக்காரரின் மனைவி ஓடி வந்து, "அக்கா, இனிமே நீங்க எங்க வீட்டு மனுஷி" என்று கட்டிக்கொண்டாள். கல்லூரி போகும் மகள், "பெரியம்மான்னு கூப்பிடவா, அத்தைன்னு கூப்பிடவா?" என்று கொஞ்சினாள்.

"பெரியம்மான்னே கூப்பிடு கண்ணு" என்றார் ஊசியம்மா. குரல் தழுதழுத்துப்போனது. பிறகு எத்தனையோ முறை அந்தத் தழுதழுப்பை நினைத்துத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே ஓய்வு பெற்றபோது கிடைத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கூடை நிறையப் பழத்தோடு போனார். வாசலில் சிரித்தார்கள். கூடையை வாங்கினார்கள். உட்காரச் சொல்வார்கள் என்று நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தவரை, "வாங்கக்கா, முதல்ல மாமாவைக் காட்டுறேன்" என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள் மரக்கடையம்மா.

வார்னிஷ் டின்கள் அடுக்கும் அறை. டின்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டில் போட்டிருந்தார்கள். அதில் பெரியவர், மரக்கடைக்காரரின் அப்பா. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சர்ச்சுப் பெஞ்சுகள் எல்லாம் அவர் கையால் செய்தவை என்று ஊசியம்மா கேள்விப்பட்டிருந்தார். அவர் எங்கே என்று யாராவது கேட்டால், "அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்பார்கள்.

ஊசியம்மா போர்வையை விலக்கினார். இடுப்புக்குக் கீழே கையகலத்துக்குப் புண். அதை அவர் ஆயிரம் பார்த்திருக்கிறார். ஆனால் புண்ணிலிருந்து ரோஜாப்பூ வாசனை வந்தது. அறைக்கு அடிக்கும் சென்ட்டை மனுஷன் மேலேயே அடித்திருக்கிறார்கள். கட்டில் காலடியில் பாட்டில் இருந்தது. அந்த வாசனைதான் முதன்முதலில் ஊசியம்மாவின் வயிற்றைப் புரட்டியது. வெளியே போய்க் குழாயடியில் நின்று இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"புண்ணு ரொம்ப நாளா இருக்கா?"

"அது என்னமோக்கா, நாங்க அந்தப் பக்கம் திருப்பிப் பாக்குறதில்ல. அவருக்கும் ஒண்ணும் தெரியாது, பாவம்."

பெரியவரின் கண் மருமகளிடமிருந்து ஊசியம்மாவுக்கு நகர்ந்தது. "உங்களுக்கு எல்லாம் தெரியுதில்ல?" என்று கேட்டு, அவர் இடது கைக்குள் தன் விரலை வைத்தார். பெரியவர் விரலை அழுத்தினார். நல்ல பலமான பிடி, மரத்தில் வேலை செய்த கை.

பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அன்றே வேலையைத் தொடங்கினார். வெந்நீர், பஞ்சு, மருந்து. குதிகாலுக்குக் கீழே தலையணை. காற்று மெத்தை வேண்டும் என்று சண்டை போட்டு வாங்க வைத்தார். முடித்துவிட்டு முன்பக்கம் வந்தபோது குடும்பம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருந்தது. "உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்க்கா" என்று அடுக்களை மேடையைக் காட்டினாள் மரக்கடையம்மா. மற்றத் தட்டுகளோடு கலந்துவிடாதபடி விளிம்பில் சிவப்புச் சாயம் தடவிய ஒரு தட்டு. நின்றபடியே சாப்பிட்டார்.

சரி, முதல் நாள்தானே என்று சமாதானம் செய்துகொண்டார். மறுநாளும் அப்படியேதான் இருந்தது. காலையில் வருவார், சாயங்காலம் போவார், சாப்பாட்டு மேஜையைத் துடைத்தபிறகுதான் பார்ப்பார். பெரியம்மா என்று கொஞ்சிய பெண் அப்புறம் "ஆன்ட்டி" என்றாள், அப்புறம் "இந்தாங்க" என்றாள், கடைசியில் பேச்சுக்கே அவசியமில்லாமல் காலி டம்ளரை மட்டும் நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நேரமாகும்வரை பெரியவரைக் கவனித்துவிட்டு, ஓட்டமாக ஓடி மூன்றாவது பெஞ்சில் குடும்பத்தோடு உட்கார வேண்டும். ஒப்புக்குச் சப்பாணி. தூணோரம் மகளின் கைப்பை இருக்கும்.

எரிச்சல் முற்றிய ஒரு நாள், "எனக்கு ஒரு நாளாவது ஓய்வு வேணும்மா" என்று சொல்லிப் பார்த்தார். மரக்கடையம்மா செல்லமாகக் கோபித்துக்கொண்டாள்.

"என்னக்கா நீங்க! உங்களை நாங்க எவ்வளவு போராடி வாங்கினோம் தெரியுமா? டாக்டர் வீட்டுலயே உங்களுக்குத்தான் அடிபோட்டாங்க, அவங்க அம்மாவுக்கு சர்க்கரைன்னு. எங்க வீட்டுக்காரரு முன்கூட்டியே பாஸ்டர்கிட்ட போய், நர்ஸ்னா எங்களுக்குத்தான்னு கறாரா சொல்லிட்டாரு."

"அப்ப சீட்டு?"

"அது சபைக்கு ஒரு சந்தோஷத்துக்குக்கா. பாஸ்டர் கையிலதான் எங்க சீட்டை வச்சிருந்தாரு. பாவம், அவருக்குத்தான் எவ்வளவு பொறுப்பு, யார் வீட்டுக்கு என்ன தேவைன்னு பாத்துப் பாத்துச் செஞ்சாரு!"

சொன்னவள் முகத்தில் துளிக்கூட வெட்கமில்லை. பெருமைதான் வழிந்தது. ஊசியம்மாவின் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஏறி வந்தது. கண்ணை மூடி ஜெபித்தது, பைக்குள் கைவிட்டது, ஸ்தோத்திரம் சொன்னது, கண்ணைத் துடைத்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. சந்தையில் மாட்டின் பல்லைப் பார்த்து வாங்குகிறவன்கூட அதற்கு முன்னால் ஜெபம் பண்ணுவதில்லை. இருமல்காரருக்கு ஏன் சீட்டில்லாமல் போனது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவரால் யாருக்கும் ஒரு வேலையும் ஆகாது.

அன்றைக்கே நின்றிருக்கலாம். பெரியவருக்காகத்தான் நிற்கவில்லை. புண் ஆறிக்கொண்டு வந்தது. முதுகுக்குத் தலையணை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உட்காரப் பழக்கினார். முதலில் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, பிறகு சக்கர நாற்காலியில் சன்னலோரம். மரத்தைப் பற்றிக் கேட்டால் விரலை அழுத்துவார், மருமகளைப் பற்றிக் கேட்டால் விரலை விட்டுவிடுவார். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. பெரியவரின் மகனான மரக்கடைக்காரரிடம் போய், "அப்பாவை இப்ப தாராளமா வெளிய கூட்டிட்டுப் போகலாம், டாக்டரும் சரின்னுட்டாரு" என்று ஊசியம்மா சொன்னார். "பாப்போம் சிஸ்டர்" என்று மகன் போனைப் பார்த்தான்.

பிறகு குடும்ப ஞாயிறு வந்தது. திட்டம் தொடங்கி ஒரு வருஷம். தனியாளைச் சேர்த்துக்கொண்ட குடும்பங்களில் சிறந்த குடும்பத்துக்குக் கேடயம், முன்னால் நின்று சாட்சி, வாசலில் மாட்டப் பெரிய புகைப்படம். கேடயம் யாருக்கு என்பதைக் கர்த்தரைக் கேட்காமலே முடிவு செய்திருந்தார்கள். மரக்கடை வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் துணி வந்து இறங்கியது.

"எனக்கு எந்த நிறம்?" என்று ஊசியம்மா வேண்டுமென்றே கேட்டார்.

"மத்த ஞாயிறு மாதிரி இல்லக்கா, அன்னைக்கு முடிய ரொம்ப நேரமாகும். நீங்களும் வந்துட்டா மாமாவை யாரு பாத்துக்கறது? வெளியாளை நம்பி விட முடியுமா? நீங்க நம்ம குடும்பம்ங்கறதாலதானே தைரியமா விட்டுட்டுப் போறோம்! போட்டோவுல உங்களை அப்புறமா கம்ப்யூட்டர்ல சேர்த்துக்கலாம்னு பாஸ்டர் சொல்லிட்டாரு."

குடும்பமாக இருப்பதால் குடும்ப ஞாயிற்றுக்கு வரக் கூடாது. ஊசியம்மா அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் நாறியது.

ஞாயிறு காலை மூவரும் ஒரே நிறத்தில் கிளம்பிப் போனார்கள். ஊசியம்மா பெரியவருக்கு முகம் மழித்து, உடம்பு துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார். பிறகு அவர் கைக்குள் விரலை வைத்தார்.

"சர்ச்சுக்குப் போலாமா? கட்டாயம் இல்ல. நாலு பேரு பாப்பாங்க, பேசுவாங்க. உங்களுக்குச் சம்மதம்னாதான்."

பெரியவர் அழுத்திய அழுத்தில் விரல் வலித்தது.

ஆஸ்பத்திரிக் காலத்துச் சிநேகிதம் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். போன் போட்டதும் வந்தார். "எங்கக்கா போகணும்?"

"சர்ச்சுக்கு."

"உயிரோடயா? நம்ம வண்டியில யாரும் அப்படிப் போனதில்லையேக்கா!"

பெரியவருக்குத் தோள் குலுங்கியது. சிரித்தார்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது மரக்கடையம்மா மைக்கைப் பிடித்திருந்தாள். "எங்க மாமாவை நாங்க கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறோம். ஒரு நிமிஷம் தனியா விட்டதில்ல. எங்களுக்குக் கிடைச்ச அக்காவும்..." அந்த இடத்தில் சக்கரம் கிறீச்சிட்டது. சபை திரும்பியது. நடைபாதையில் ஊசியம்மா தள்ள, பெரியவர் வந்துகொண்டிருந்தார். இடது கையை நீட்டி, கடந்துபோகும் ஒவ்வொரு பெஞ்சின் முனையையும் தடவிக்கொண்டே வந்தார். பேர் ஒட்டியிருந்த தாள் ஒன்று கையில் தட்டுப்பட, நகத்தால் சுரண்டினார். பழைய ஆட்கள் சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"அசைக்கக் கூடாதுன்னாங்களே?" என்று யாரோ கேட்டது தெளிவாகவே கேட்டது.

மகனுக்கு முகம் வெளுத்துப்போனது. போதகர் கெட்டிக்காரர், சட்டென்று கையை உயர்த்தி, "ஸ்தோத்திரம்! கர்த்தர் நமக்கு ஒரு ஆச்சரியத்தையே கொண்டுவந்திருக்கார்!" என்று சமாளித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவருக்குச் சக்கர நாற்காலி எம்மாத்திரம்! புகைப்படக்காரர் ஓடி வந்தார். பெரியவரை நடுவில் வைத்து மூவரும் சுற்றி நின்றார்கள். மருமகள் அவர் தோளில் கை வைத்தாள். அந்தத் தோளை அவள் தொட்டு ஊசியம்மா பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சிஸ்டர், நீங்களும் வாங்க" என்றார் போதகர்.

"நான் கம்ப்யூட்டர்ல வந்துக்கறேன்" என்றார் ஊசியம்மா.

புகைப்படக்காரர் குனிந்து, நிமிர்ந்து, வெளிச்சம் போதவில்லை என்று இழுத்தடித்தார். அதற்குள் நாற்றம் வந்துவிட்டது. உடம்பென்றால் நேரங்காலம் பார்க்குமா? முதல் வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. ஒரே நிறத் துணி கட்டிய மூவரும் சிரிப்பு மாறாமலே ஆளுக்கு அரை அடி விலகினார்கள். மரக்கடையம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல், "சிஸ்டர், உள்ளே கூட்டிட்டுப் போய் மாத்திடுங்களேன், சீக்கிரம்" என்றாள். மைக் அவள் கையிலேயே இருந்தது. சபை முழுக்கக் கேட்டது.

ஊசியம்மா நாற்காலியின் பின்னால் மாட்டியிருந்த பையை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"இதுல எல்லாம் இருக்கு. டயப்பர், பஞ்சு, கையுறை. நான் நர்ஸு, தம்பி. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. இன்னைக்குக் குடும்பத்துக்கான நாளு, குடும்பத்துல மூணு பேர் இருக்கீங்க. யாரு மாத்துறதுன்னு குழப்பமா இருந்தா ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுங்க. பாஸ்டர் எடுத்துக் குடுப்பாரு. அவரு எடுத்தா சரியான ஆளுதான் வரும்."

கடைசி பெஞ்சிலிருந்து இருமல் வந்தது. யாரும் திரும்பவில்லை. எல்லாரும் போதகரைத்தான் பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் பார்த்தார், சமையல்காரி பார்த்தாள், டாக்டர் வீட்டு டிரைவர் பார்த்தார். போதகர் மேஜைமேல் இருந்த காணிக்கைப் பையைப் பார்த்துவிட்டு, பார்வையை வேறு பக்கம் திருப்பினார்.

பெரியவர் தன் மகனை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். மனைவியும் மகளும் நகர்ந்து நகர்ந்து தூணுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மகன் இரண்டு விரலால் பையை வாங்கித் தோளில் மாட்டினான். ஒரு கையால் நாற்காலியின் பிடியைப் பற்றினான். இன்னொரு கை கைக்குட்டையோடு மூக்குக்குப் போனது.

ஊசியம்மா எட்டி அந்தக் கையை வெடுக்கென்று தட்டிவிட்டார்.

"மூக்கைப் பொத்தாதீங்க தம்பி. அப்பா பாக்குறாரு."